தலையைத் தொடாமல் வாலில் ஃப்ளோரின்: எஃப்இடி தயாரிப்புக் குறிப்புகள்

மூளைக் கட்டிக்கு எஃப்டிஜி (கதிரியக்க ஃப்ளோரின் ஏற்றிய சர்க்கரை) கொடுத்து பெட் ஸ்கேன் (உடலுக்குள் கதிரியக்கப் பொருள் சேரும் இடத்தைக் காட்டும் படம்) எடுத்தால் கட்டியோடு சேர்ந்து மூளையின் சாம்பல் பகுதி முழுவதும் ஒளிரும். மூளை எப்போதும் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருப்பதால், அந்த வெளிச்சத்துக்குள் க்ளையோமா என்ற மூளைக் கட்டியின் விளிம்பைத் தேடுவது வீண் வேலை. எம்ஆர்ஐ சாயம் வேறு வகையில் கைவிடும். ரத்தக்குழாய்ச் சுவர் கசியும் இடத்தில்தான் அது தேங்கும். கசியாத கட்டிக்குள் நுழையவே நுழையாது. அமினோ அமில ட்ரேசர்கள் (கதிரியக்க அணு ஏற்றிய தடங்காட்டி மூலக்கூறுகள்) இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாகத் தாண்டுகின்றன. இயல்பான மூளைத் திசு அவற்றைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. அவற்றை உள்ளே கொண்டுபோகும் கடத்திப் புரதமோ மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது, கட்டியின் செல் சவ்விலும் ஏராளமாக இருக்கிறது. சுவர் கசிய வேண்டிய தேவையே இல்லை. எஃப்இடி இந்த வகை ட்ரேசர்தான்: டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் எஃப்-18 என்ற கதிரியக்க ஃப்ளோரினை ஏற்றியது.

அந்தக் கடத்தியின் பெயர் எல்ஏடி1. 1998இல் ஜப்பானில் கனாயும் எண்டோவும் சேர்ந்த குழு அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 4எஃப்2எச்சி என்ற துணைப் புரதத்தோடு இணைந்துதான் அது சவ்வில் நிற்கும். இயங்கச் சோடியம் தேவையில்லை. வெளியிலிருந்து ஒரு மூலக்கூறை உள்ளே விட, உள்ளிருந்து ஒன்றை வெளியே அனுப்பும். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும் என்ற நிலையில் ஓடும் பேருந்து மாதிரி. இந்தப் பண்டமாற்று இயல்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல் பரிசோதனையில் இதுதான் பலரைக் குழப்புகிறது.

எல்ஏடி1 எதை அடையாளம் காண்கிறது? ஆல்ஃபா கார்பன், அதில் மூடப்படாத கார்பாக்சில், மூடப்படாத அமினோ, எல் வடிவ அமைப்பு (இடக்கை, வலக்கை போன்ற இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களில் ஒன்று; மற்றது டி). இதை மூலக்கூறின் தலை என்று வைத்துக்கொள்வோம். வால் பக்கம், அதாவது பக்கச் சங்கிலி, பெரியதாகவும் மின்சுமை இல்லாமலும் இருந்தால் போதும். அங்கே ஏதாவது ஒட்டவைத்தாலும் கடத்தி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தலையில் கை வைத்தால் அநேகமாகக் கதவு மூடிவிடும். வேதியியல் செய்கிறவருக்கு இதுதான் தலைவலி. கதிரியக்க ஃப்ளோரினை வாலில் ஏற்றும்வரை தலையை மூடி வைக்க வேண்டும், ஏற்றியபின் திறக்க வேண்டும், இரண்டையும் ஆல்ஃபா கார்பன் எல் வடிவிலிருந்து புரண்டுவிடாதபடி செய்ய வேண்டும். எஃப்இடி தயாரிப்பில் தவறும் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில் வந்து முடிகின்றன.

தலையை மூடாமலே வேலையை முடித்த முன்னோடி கார்பன்-11 மெத்தியோனின். எல்-ஹோமோசிஸ்டீன் தயோலாக்டோனைக் காரத்தில் திறந்து, கந்தக முனையில் கதிரியக்க மீத்தைல் அயோடைடைச் சேர்த்தால் தீர்ந்தது. சி18 (எண்ணெய்த் தன்மையுள்ளதைப் பிடிக்கும் துகள்) நிரப்பிய கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே வினையை நடத்தலாம். மூலக்கூறில் கார்பனுக்குக் கார்பன்தான் மாறுகிறது என்பதால் உடலுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அரைவாழ்வு 20.4 நிமிடம். ஒரு மணி நேரத்தில் 13 விழுக்காடுதான் மிஞ்சும். சைக்ளோட்ரான் (கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் இயந்திரம்) இருக்கும் கட்டடத்தைத் தாண்டி அதை அனுப்ப முடியாது. எஃப்-18க்கு 109.8 நிமிடம் கிடைக்கிறது, எனவே எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள்.

டைரோசினில் ஃப்ளோரினை எங்கே வைப்பது? வளையத்திலேயே வைக்கலாம். ஆனால் எலக்ட்ரான் செறிந்த வளையத்தில் ஃப்ளோரைடு அயனி எளிதில் ஏறாது. எஃப்-டோபா என்ற இன்னொரு ட்ரேசரை நெடுங்காலம் கதிரியக்க ஃப்ளோரின் வாயுவைக் கொண்டு செய்ததற்கும், விளைச்சல் குறைவாகவே இருந்ததற்கும் காரணம் இதுதான். ஃபீனால் ஆக்சிஜனில் இரண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு கை நீட்டி, அதன் நுனியில் ஃப்ளோரினை வைத்தால் வேலை சாதாரண எஸ்என்2 வினையாகிவிடும் (ஃப்ளோரைடு ஏற, அங்கிருந்த குழு வெளியேறும்). 1999இல் ஜெர்மனியின் மியூனிக்கிலும் யூலிச்சிலும் இருந்த குழுவினர் வெளியிட்ட ஓ-(2-ஃப்ளோரோஎத்தில்)-எல்-டைரோசின், சுருக்கமாக எஃப்இடி, இப்படிப் பிறந்ததுதான். முதல் தயாரிப்பு இரண்டு கட்டமாக இருந்தது: ஃப்ளோரோஎத்தில் டோசிலேட்டை முதலில் செய்து, பிறகு அதை டைரோசினோடு சேர்க்க வேண்டும். 2002இல் யூலிச்சின் ஹமாக்கரும் கோனனும் ஒரே பாத்திரத்தில் முடிகிற வழியைக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் எஃப்இடி அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது.

அவர்களுடைய முன்னோடி மூலக்கூறில் (ஃப்ளோரின் ஏற்றப்படும் தொடக்கப் பொருள்) அமினோவை ட்ரைட்டில் மூடியிருக்கும், கார்பாக்சிலை டெர்ட்-பியூட்டைல் எஸ்டர் மூடியிருக்கும், வால் நுனியில் வெளியேறத் தயாராக டோசிலேட் இருக்கும். மூலக்கூறு எடை 678. ஒரு தயாரிப்புக்கு 10 மி.கி. எடுத்தால் ஏறக்குறைய 15 மைக்ரோமோல். ட்ரைட்டிலும் டெர்ட்-பியூட்டைலும் அமிலத்தில் ஒன்றாகக் கழலும். அதனால் கடைசியில் தலையைத் திறக்கக் காரம் தேவைப்படுவதில்லை. நன்றாக யோசித்துச் செய்த தேர்வு இது.

அளவுகளைப் பற்றி ஒரு கணக்கு. 50 கிகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) எஃப்-18 கேட்கப் பெரிய தொகை. ஆனால் நிலையான ஃப்ளோரின் கலப்பே இல்லையென்றால் அது 0.8 நானோமோல்தான். முன்னோடி மூலக்கூறு அதைப்போல 19,000 மடங்கு இருக்கிறது. ஆகவே கரைசலில் மைக்ரோமோல் அளவுக்கு வேறு எது நுழைந்தாலும், குளோரைடோ தண்ணீரோ அதிகக் காரமோ, எண்ணிக்கையில் ஃப்ளோரைடை அது அமுக்கிவிடும்.

சைக்ளோட்ரானிலிருந்து வரும் ஆக்சிஜன்-18 தண்ணீரைக் க்யூஎம்ஏ என்ற, எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வழியாக விட்டால் ஃப்ளோரைடு அதில் தங்கும். கடையில் வாங்கும் க்யூஎம்ஏ பெரும்பாலும் குளோரைடு வடிவில் வரும். பொட்டாசியம் கார்பனேட் அல்லது சோடியம் பைகார்பனேட் கரைசல் 5 முதல் 10 மி.லி. விட்டு, பின் அதே அளவு தூய நீரால் கழுவி, கார்பனேட் வடிவுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். மாற்றாவிட்டால் ஃப்ளோரைடோடு குளோரைடும் இறங்கிவந்து டோசிலேட்டைத் தாக்கும். எஃப்டிஜியில் குளோரோ மாசு வருவதற்கும் இதே வழிதான். எச்பிஎல்சியில் (பத்தி வழியாக அழுத்தத்தில் செலுத்தி மூலக்கூறுகளைப் பிரிக்கும் கருவி) குளோரோ வகை எஃப்இடிக்கு அருகிலேயே வந்து தொந்தரவு தரும்.

ஃப்ளோரைடை இறக்கும் கரைசலில்தான் முதல் பெரிய தவறு நடக்கிறது. எஃப்டிஜிக்கு வைத்திருக்கும் கலவையை அப்படியே எஃப்இடிக்கும் எடுத்துவிடுகிறார்கள். 7 மி.கி. பொட்டாசியம் கார்பனேட் என்பது 50 மைக்ரோமோல். 15 மைக்ரோமோல் முன்னோடியின் மேல் அவ்வளவு காரம் விழுந்தால் மூன்று தொல்லைகள் சேர்ந்து வரும். டோசிலேட் உதிர்ந்து வினைல் ஈத்தராகிவிடும். தண்ணீர் கொஞ்சம் இருந்தாலும் ஹைட்ராக்சி வகையாக மாறும். ஆல்ஃபா கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைக் காரம் பிடுங்கினால், அது திரும்பி வரும்போது எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். அங்கேதான் டி வடிவம் உருவாகிறது. 1.5 முதல் 2 மி.கி. பொட்டாசியம் கார்பனேட், 10 மி.கி. அளவில் கிரிப்டோஃபிக்ஸ் 222 (பொட்டாசியத்தைப் பிடித்துவைத்து ஃப்ளோரைடை விடுவிக்கும் பொருள்) என்று தொடங்குங்கள். காரத்தின் மோல் முன்னோடியின் மோலைத் தாண்ட வேண்டாம். டெட்ராபியூட்டைல் அமோனியம் பைகார்பனேட்டைத் தேர்ந்தெடுத்தால் காரம் இன்னும் மென்மையாகும், கிரிப்டோஃபிக்ஸ் எச்சம் இருக்கிறதா என்ற சோதனையும் தேவைப்படாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உலர்த்தும் கட்டம் சலிப்பானது, ஆனால் விளைச்சலைத் தீர்மானிப்பது அதுவே. நீர் சூழ்ந்த ஃப்ளோரைடு எதையும் தாக்காது. 95 முதல் 105 டிகிரி செல்சியஸில், நைட்ரஜன் ஓட்டத்திலும் வெற்றிடத்திலும், உலர்ந்த அசிட்டோநைட்ரைல் 1 மி.லி. வீதம் இரண்டு மூன்று முறை விட்டு ஆவியாக்க வேண்டும். நைட்ரஜன் ஓட்டம் வேகமானால் உப்பு பாத்திரத்தின் மேல்சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் விடும் 1 மி.லி. முன்னோடிக் கரைசல் அந்த உயரத்தை எட்டாது. ஹாட் செல்லுக்குள் (கதிர்வீச்சைத் தடுக்கும் மூடிய அறை) கண்ணால் எதுவும் தெரியாது. தயாரிப்பு முடிந்தபின் பாத்திரத்தை அளந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கிடக்கும். விளைச்சல் குறைந்த நாளில் க்யூஎம்ஏ, வினைப் பாத்திரம், கழிவுக் குப்பி, எச்பிஎல்சிக்கு முந்தைய வடிகட்டி ஆகிய நான்கையும் தனித்தனியாக அளந்து, காலத் திருத்தம் (இடையில் சிதைந்துபோனதைக் கணக்கில் சேர்ப்பது) செய்து எழுதுங்கள். எது கெட்டது என்று எண்களே சொல்லிவிடும்.

முன்னோடி 10 மி.கி.யை 1 மி.லி. உலர் அசிட்டோநைட்ரைலில் கரைத்துச் சேர்த்து, பாத்திரத்தை மூடி, 85 டிகிரியில் 10 நிமிடம். அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதிக்கும், ஆகவே உள்ளே சற்று அழுத்தம் இருக்கும். வால்வுகள் அதைத் தாங்குகின்றனவா என்று முன்கூட்டியே கசிவுச் சோதனை செய்திருக்க வேண்டும். விளைச்சல் போதவில்லை என்று வெப்பத்தை 110, 120 என ஏற்றுவது கெட்ட பழக்கம். ஏறுவது பெரும்பாலும் பக்கவினைகளும் டி வடிவமும்தான்.

அடுத்து தலையைத் திறப்பது. அசிட்டோநைட்ரைலை ஓரளவு ஆவியாக்கிவிட்டு 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. சேர்த்து 80 முதல் 100 டிகிரியில் சுமார் 5 நிமிடம் வைக்கலாம். ட்ரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தும் செய்வார்கள், ஆனால் அதை முழுக்க விரட்ட நேரமாகும். டெர்ட்-பியூட்டைல் ஐசோபியூட்டிலீன் வாயுவாகக் கிளம்பும். ட்ரைட்டில் நீரைப் பிடித்துக்கொண்டு ட்ரைட்டில் ஆல்கஹாலாகும், அது தண்ணீரில் கரையாது. பாத்திரம் ஆறத் தொடங்கியதும் அடியில் வெள்ளைப் பசையாகத் திரண்டு, முதலில் குழாயின் வளைவிலும் பிறகு எச்பிஎல்சி லூப்பிலும் (மாதிரியை ஏற்றும் சுருள் குழாய்) அடைக்கும். அழுத்தம் திடீரென்று ஏறி பம்ப் நின்றுபோனால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். ஆறுவதற்கு முன்பே எத்தனால் கொஞ்சம் கலந்த நகர்கரைசலால் (பத்தி வழியாக ஓடும் கரைசல்) நீர்த்து, ஒரு வடிகட்டியும் அலுமினா கார்ட்ரிட்ஜும் வழியாக லூப்புக்கு அனுப்பினால் பசை வடிகட்டியிலும், வினைபுரியாத ஃப்ளோரைடு அலுமினாவிலும் நின்றுவிடும். அதற்கு முன் அமிலத்தைப் பாதியாவது நடுநிலையாக்கியிருக்க வேண்டும். கடுமையான அமிலத்தில் அலுமினா கரையத் தொடங்கும்.

எச்பிஎல்சிக்கு சி18 பத்தியில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த நீர், சிறிதளவு அசிட்டிக் அமிலம் அல்லது அசிட்டேட் பஃபர் போதும். அசிட்டோநைட்ரைல் கலந்த நகர்கரைசல் கூர்மையான உச்சி தரும் என்று அதைத் தேடிப் போகாதீர்கள். எத்தனாலில் பிரித்தால், வந்த பின்னத்தை உப்புக்கரைசலால் நீர்த்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் நேரே விட்டுவிடலாம். ஆவியாக்கி மீண்டும் கரைக்கும் 15 நிமிடம் மிச்சமாகும். எத்தனால் கதிர்வீச்சுச் சிதைவையும் தடுக்கும், செறிவு அதிகமான குப்பிகளுக்கு அது பெரிய உதவி.

தலைக்கு நேர்ந்தது என்ன என்பது இப்போதுதான் தெரியும். சாதாரண சி18 பத்தியில் எல் வடிவமும் டி வடிவமும் ஒரே இடத்தில் வரும். கதிர்வேதித் தூய்மை 99 விழுக்காடு என்று காட்டும் குப்பியில் பத்தில் ஒரு பங்கு டி வடிவம் இருக்கலாம். கைரல் பத்தியில்தான் பிரியும். இங்கே பத்தியைத் தேர்வதில் ஒரு நுணுக்கம். டெய்கோப்ளானின் பத்திகளில் அமினோ அமிலங்களின் எல் வடிவம் பொதுவாக முதலில் வரும். அதன் உயரமான உச்சியின் வால் பகுதியில், பின்னால் வரும் சிறிய டி உச்சி ஒளிந்துகொள்ளும். கிரௌன்பேக் சிஆர்(+) போன்ற கிரௌன் ஈத்தர் பத்தியில் டி முதலில் வரும், சிறிய உச்சி தட்டையான தளத்தின்மேல் தனியாக நிற்கும். 1 விழுக்காடு மாசைத் தேடுகிறவருக்கு இரண்டாவதே நல்லது. எதுவானாலும் கதிரியக்கமற்ற டிஎல் கலவையை முதலில் ஓட்டி, இரண்டு உச்சிகளும் அடித்தளம்வரை பிரிகின்றனவா என்று பாருங்கள்.

இந்தத் தொல்லையை வேரிலேயே அறுத்த மூலக்கூறு ஒன்று உண்டு: எமோரி பல்கலைக்கழகத்தில் குட்மன் குழு உருவாக்கிய ஃப்ளூசிக்ளோவின். ஆல்ஃபா கார்பனை நான்கு கார்பன் வளையத்துக்குள் பூட்டிவிட்டார்கள். அதில் பிடுங்க ஹைட்ரஜனே இல்லை, மூலக்கூறுக்கு எல், டி என்ற பேதமும் இல்லை. ஆகவே எஸ்டரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் கார்ட்ரிட்ஜிலேயே கழற்றுகிறார்கள், பிறகு அமினோவின் மூடியை அமிலத்தில் எடுக்கிறார்கள். எஃப்இடியில் கனவிலும் செய்ய முடியாத காரியம். எச்பிஎல்சி இல்லாமல் கார்ட்ரிட்ஜுகளாலேயே தூய்மை கிடைக்கிறது. அது எல்ஏடி1 வழியாக மட்டுமல்லாமல் ஏஎஸ்சிடி2 என்ற இன்னொரு கடத்தி வழியாகவும் போகும், ஆரம்ப நிமிடங்களில் சிறுநீர்ப்பையில் அதிகம் சேராது. 2016இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது மூளைக்கு அல்ல, சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும் ப்ராஸ்டேட் புற்றுக்கு.

புதிய மூலக்கூறு ஒன்றை வடிவமைக்கிறவர்கள் அது எந்தக் கடத்தி வழியாகப் போகிறது என்று நிரூபிக்க 24 குழித் தட்டில் க்ளையோமா செல்களை வளர்த்து, 37 டிகிரியில் 1 முதல் 60 நிமிடம்வரை ட்ரேசரில் வைத்து, பனிக்குளிர் பஃபரால் இரண்டு மூன்று முறை கழுவி, சோடியம் ஹைட்ராக்சைடில் உடைத்து, காமா கவுண்டரில் எண்ணுகிறார்கள். மில்லிமோலார் அளவில் பிசிஎச் என்ற தடுப்பானைச் சேர்த்தால் எல்ஏடி1 உள்ளிட்ட எல் வகைக் கடத்திகள் அடைபடும். சோடியத்துக்குப் பதில் கோலின் உள்ள பஃபரில் உள்ளேற்றம் குறையாவிட்டால் சோடியம் தேவைப்படும் கடத்திகளுக்குப் பங்கில்லை. இங்கே இரண்டு பொறிகள். செல் வளர்க்கும் டிஎம்இஎம் ஊடகத்தில் லியூசின் மட்டுமே 0.8 மில்லிமோலார் இருக்கிறது. ட்ரேசரை அதிலேயே சேர்த்தால் உள்ளேற்றம் சுழியத்துக்கு அருகில் இருக்கும், நல்ல மூலக்கூறைத் தவறாகக் கழித்துவிடுவீர்கள். சரி என்று அமினோ அமிலம் இல்லாத பஃபரில் செல்களை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் உள்ளிருக்கும் அமினோ அமிலங்கள் தீர்ந்து, பண்டமாற்றுக்குச் சரக்கில்லாமல் கடத்தி நின்றுவிடும். வேகமாகக் கழுவி, சில நிமிடங்களில் ட்ரேசரை விடுவதே சரி. கழுவும் பஃபர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஏறியது வெளியேறிவிடும்.

விலங்குப் படத்தில் முதலில் எலும்பைப் பாருங்கள். முதுகெலும்பும் மண்டையோடும் நேரம் செல்லச்செல்ல ஒளிர்ந்தால் ஃப்ளோரின் கழன்று எலும்பில் சேர்ந்துவிட்டது என்று பொருள். எஃப்இடியின் ஈத்தர் கை உடலில் உறுதியாக நிற்கிறது.

தரச் சோதனையின் மிச்சம் எஃப்-18 மருந்துகளுக்குப் பொதுவானது: தோற்றம், பிஹெச், அரைவாழ்வு, 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சி, கரைப்பான் எச்சம் (அசிட்டோநைட்ரைலுக்கு மில்லியனில் 410 பங்கு உச்சவரம்பு), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), வடிகட்டியின் குமிழ் அழுத்தச் சோதனை (வடிகட்டி கிழியவில்லை என்று காட்டுவது). கிருமிச் சோதனை முடிவு 14 நாள் கழித்தே வரும், மருந்து அதற்குள் கொடுத்து முடிந்திருக்கும். ஆகவே அந்தக் குமிழ் சோதனையை ஒப்புக்குச் செய்யக் கூடாது.

50 கிகாபெக்கரலில் தொடங்கி, காலத் திருத்தம் செய்த விளைச்சல் 50 விழுக்காடு, நேரம் 65 நிமிடம் என்று வைத்தால் குப்பியில் 16.6 கிகாபெக்கரல் கிடைக்கும். நான்கு மணி நேரம் கழித்து அதில் 3.6 மிஞ்சும். நோயாளி ஒருவருக்கு 200 மெகாபெக்கரல் என்றால், எல்லோரையும் ஒரே நேரத்தில் படுக்கவைக்க முடியாது என்பதையும் சேர்த்து, நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஊரில் பத்துப் பேரைப் பார்க்கலாம் என்று திட்டமிடுவது நியாயம். எஃப்-18க்கு மாறியதன் பலன் இந்தக் கணக்கில்தான் தெரிகிறது.

ஸ்கேனுக்கு நோயாளி குறைந்தது நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும். உணவிலிருந்து வரும் லியூசினும் ஃபீனைல்அலனினும் அதே கடத்திக்குப் போட்டி போடும். நிலைப் படம் ஊசி போட்ட 20 முதல் 40 நிமிடத்துக்குள். வாய்ப்பிருந்தால் ஊசி போட்ட நொடியிலிருந்தே 40 நிமிடம் தொடர்ந்து எடுங்கள். மெத்தியோனினைப் போல எஃப்இடி புரதத்துக்குள் போய்ச் சேர்வதில்லை, அதனால் ஏற்றமும் இறக்கமும் வளைகோட்டில் தெளிவாகத் தெரியும். வீரியம் மிகுந்த க்ளையோமாவில் வளைகோடு சீக்கிரம் உச்சிக்குப் போய் இறங்கும், வீரியம் குறைந்ததில் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்க மூளையில் சாம்பல், வெள்ளை இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பிறை வடிவில் வரைந்து பின்னணியை எடுத்து, அதைப்போல 1.6 மடங்கு இருக்கும் இடத்தைக் கட்டி என்று குறிக்கும் வழக்கம், யூலிச்சில் திசு மாதிரிகளோடு ஒப்பிட்டதிலிருந்து வந்தது.

வீரியம் குறைந்த க்ளையோமாக்களில் கணிசமானவை ஒளிராமலே போகும். படம் வெறுமையாக இருந்தால் கட்டி இல்லை என்று எழுதிவிடக் கூடாது. எதிர்த் திசையிலும் ஏமாற்றம் உண்டு. அண்மையில் வலிப்பு வந்தவருக்கு மூளை மேற்பரப்பின் மடிப்புகளை ஒட்டி நாடா போல ஒளிர்வு தெரியலாம், அது கட்டியே அல்ல. கடைசியாக வலிப்பு வந்த தேதியை ஊசி போடுமுன் கேட்டு, படம் படிப்பவர் கண்ணில் படும்படி படிவத்தின் மேல்வரியிலேயே எழுதிவையுங்கள்.